மாவுமூட்டையில் ஒரு மூடிய குழி

"இந்த மாநிலத்துல தூக்குத் தண்டனையை எடுத்துட்டாங்க," என்றார் ஹால்வர் நைகார்ட். "இருந்திருந்தா கயித்தை நானே வாங்கிக் குடுத்திருப்பேன்."

ஷெரீஃப் அலுவலகத்துச் சுவர்க் கடிகாரம் காலை ஏழு இருபது காட்டியது. கம்பிக்குப் பின்னால் ரோரி பென்ஹாலோ கழுத்தெலும்புக் கட்டுடன் உட்கார்ந்திருந்தான். புதன்கிழமை காலை மாவுமூட்டை என்ற மலைச்சரிவில் பனி உடைந்து அவனை முந்நூறு மீட்டர் உருட்டி, ஓர் எலும்பை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே துப்பியது. அவனோடு போன சிக்னியைத் துப்பவில்லை. சிக்னி, ஹால்வரின் ஒரே மகள். ரோரியைக் கட்டிக்கொள்ள இருந்தவள்.

இன்று வெள்ளி. மதியம் இரண்டு மணிக்குள் அரசு வக்கீல் ரோரி மீது மரணம் விளைவித்த குற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும், இல்லை கதவைத் திறந்துவிட வேண்டும்.

"ரெண்டாவது நடக்கக் கூடாது, வெர்னா. அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்," என்றார் ஹால்வர்.

வெர்னா த்ருஹியோ தலையாட்டினாள். நாற்பத்தைந்து வயது. ஒரு காலத்தில் ஸ்கீ மைதானத்தில் பனிக் காவல் பார்த்தவள். இடது காலில் மூன்று விரல்களைக் குளிருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த இரண்டோடு துப்பறிய வந்தவள். அவளுடைய உதவியாளன் ஓட்டிஸ், டெக்சஸ் சமவெளிக்காரன், நூற்றுப் பத்து கிலோ. மலையைப் பார்த்தாலே அவனுக்கு மூச்சு வாங்கும்.

வழக்கு ஓர் அறிக்கையில் வந்து நின்றது. சான் வான் மலைகளில் ஸ்கீ போடுகிறவர்கள் பனிக்குள் தரைவரை குழி தோண்டி, சுவரைப் பார்த்து, எந்த அடுக்கு கெட்டி, எந்த அடுக்கு சொத்தை என்று பனிச்சரிவு மையத்தின் இணையதளத்தில் எழுதிப் போடுவார்கள். ஹால்வருக்கு அதுதான் உத்தியோகம், இருபத்தாறு வருடமாக. மற்றவர்களும் எழுதுவார்கள், பெயர் போட்டும் போடாமலும். திங்கட்கிழமை மாலை வந்த ஒன்றில் பெயர் இல்லை.

"மாவுமூட்டை. பகல் பதினொன்றரை. கிழக்கு விளிம்பில் குழி தோண்டினேன். தரைவரை கெட்டி. இருபது முறை தட்டியும் அசையவில்லை. நம்பி இறங்கலாம்." கூடவே குழிச் சுவரின் படம் ஒன்று.

இரண்டு நாள் கழித்து நம்பி இறங்கியவள் செத்துப்போனாள்.

"லாண்டரி கடை வைஃபையில இருந்து வந்திருக்கு," என்றார் ஷெரீஃப் டெலூகா. "திங்கட்கிழமை சாயங்காலம் ரோரி அங்கதான் துணி துவைச்சிட்டிருந்தான். பாத்த சாட்சி மூணு பேர்."

"இவனே எழுதி, இவனே அவகிட்ட காட்டி, கூட்டிட்டுப் போயிருக்கான்," என்றார் ஹால்வர். "இல்லாட்டி என் பொண்ணு போயிருக்க மாட்டா. பேர் இல்லாத அறிக்கையை நம்பாதேன்னு பத்து வயசுல சொல்லிக் குடுத்தேன்."

வெர்னா கம்பியருகே போனாள். "ரோரி, நீதான் எழுதினியா?"

"இல்ல."

"யார் எழுதினதுன்னு தெரியுமா?"

அவன் ஒரு கணம் ஹால்வரைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "தெரியும். சொல்ல மாட்டேன்."

"ரெண்டு மணிக்கு உன் மேல கேஸ் விழும். பன்னெண்டு வருஷம் உள்ள இருக்கணும். தெரியுமா?"

"தெரியும்."

"இவன் ஒண்ணு மகா யோக்கியன், இல்ல மகா முட்டாள்," என்றான் ஓட்டிஸ். "ரெண்டுக்கும் ஜெயில்ல சாப்பாடு ஒண்ணுதான் பாஸ்."

ரோரியிடமிருந்து எடுத்த பொருள்கள் முத்திரையிட்ட காகிதப் பையில் இருந்தன. மேலே பட்டியல்: வண்டிச் சாவி, உதட்டுக் களிம்பு, மஞ்சள் நோட்டுப் புத்தகம் ஒன்று. வெர்னா பையைத் தொட்டதும் ரோரி முதல் முறையாகக் குரலை உயர்த்தினான்.

"நோட்டைத் தொடாதீங்க. கையெழுத்துப் போட மாட்டேன்."

"அவன் கையெழுத்து வேணும், இல்ல நீதிபதி உத்தரவு வேணும்," என்றார் டெலூகா. "நீதிபதி திங்கட்கிழமைதான் வருவார்."

"பாத்தியா? எல்லாம் அதுலதான் இருக்கு," என்றார் ஹால்வர்.

ஓட்டிஸ் அறிக்கையின் படத்தை மூக்கருகே வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தான். "பாஸ், இந்தக் கேக்குல ஜாமைக் காணோமே."

"என்ன ஜாம்?"

"போன மாசம் யூட்டா பாலைவனத்துல இருந்து செம்புழுதி வந்துச்சே. என் வெள்ளை வண்டி செங்கல் மாதிரி ஆச்சே. மறுநாள் அதுக்கு மேல பனி பெஞ்சுது. அப்ப எங்க வெட்டினாலும் நடுவுல சிவப்பா ஒரு கோடு தெரியணுமில்ல? இது அப்பழுக்கு இல்லாத வெள்ளை."

வெர்னா படத்தை வாங்கிப் பார்த்தாள். "செம்புழுதிக்கு முன்னாடி எடுத்த படம். திங்கட்கிழமை எடுத்ததில்ல."

"அப்ப அறிக்கையே பொய்!" ஹால்வர் மேசையைக் குத்தினார். "இது போதாதா?"

"பொய்யின்னு சொல்லப் போதும். யாரோட பொய்யின்னு சொல்லப் போதாது. இடம் போட்டிருக்கே, கிழக்கு விளிம்பு. போய்ப் பாத்துட்டு வந்துடுவோம்."

"பொய் அறிக்கைக்கு ஏது குழி? ஒண்ணும் இருக்காது."

"ஒண்ணும் இல்லேன்னா அதையும் எழுதணுமில்ல? நீங்களே சொல்லிக் குடுத்ததுதான் ஹால்வர்."

ஹால்வர் கோட்டை எடுத்து மாட்டினார். "நானும் வர்றேன். என் மலை."

*

மேலேறும் இரண்டரை மணி நேரமும் ஹால்வர் ரோரியைத் திட்டினார். ஆறாம் தலைமுறைச் சுரங்கக்காரன் புத்தி என்றார். ஏப்ரலில் சிக்னியை அலாஸ்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகத் திட்டம் போட்டிருந்தான், அங்கே வேலை பார்த்து வைத்திருந்தான், தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றார்.

"என் இடத்துக்கு அவ வந்திருக்கணும். ரெண்டு வருஷத்துல நான் ஓய்வு. அதுக்குத்தான் பழக்கி வெச்சேன்."

"அவளுக்கு வர விருப்பமா?" என்றாள் வெர்னா.

"இவன் வர்ற வரைக்கும் இருந்துச்சு." அவர் வழியோரம் துப்பினார். "ஒழுங்கில்லாத பயல். குழி தோண்டுவான், பாப்பான், அப்படியே விட்டுட்டுப் போவான். நாய்கூட பின்னங்காலால மண்ணைத் தள்ளிட்டுப் போகும். பின்னால வர்றவன் விழுந்து காலை ஒடிச்சுக்குவானேன்னு நினைப்பு வேணாம்? நாலு தடவை அவன் குழியை நான் மூடியிருக்கேன்."

"என் சமையக்கட்டுக்கு ஒரு நடை வந்துட்டுப் போங்க பெரியவரே," என்றான் பின்னாலிருந்து ஓட்டிஸ். "அங்கயும் நாலு சட்டி மூட வேண்டியிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. ஓட்டிஸுக்கு அது பழக்கம்தான்.

விளிம்பில் ஏறியதும் மாவுமூட்டை முழுதும் கீழே விரிந்தது. சரிவின் மேல்பாகத்தில் ஓர் ஆள் உயரத்துக்குப் பனி அறுந்து, வெட்டிய ரொட்டி போல நேர்ச்சுவராக நின்றது. அடியில் பாறையும் காய்ந்த புல்லும் தெரிந்தன. தூரத்தில், பள்ளத்தாக்கின் மறுபுறம், சாலை ஒரு கருப்பு நூலாகக் கிடந்தது.

"அந்த மூணு ஊசிமரம் தெரியுதா? அதுக்குக் கீழதான் அவ கிடந்தா," ஹால்வர் கைநீட்டினார். "ஒண்ணரை மீட்டர் ஆழம். சரிஞ்சு நின்ன பனி அஞ்சு நிமிஷத்துல சிமென்ட் ஆயிடும். ஷவல் உள்ள போகாது, கொத்திக் கொத்தித்தான் எடுக்கணும். நான் கொத்தினேன். இவன் ஒத்தைக் கையால தோண்டறேன்னு குறுக்க குறுக்க வந்தான். தள்ளிவிட்டேன்." அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "முகம் முழுக்க ஐஸ் பாளம். மூச்சு விட்டு விட்டு உருகி, உறைஞ்சது. அவ்வளவு நேரம் உயிரோட இருந்திருக்கா. கணக்குப் போட்டா இருபது நிமிஷம் வருது."

ஓட்டிஸ் பனிச்செருப்பின் வாரைச் சரிசெய்ய ஒன்றைக் கழற்றினான். கழற்றிய கால் தொடைவரை உள்ளே போனது.

"பாஸ், என்னை விட்டுட்டுப் போயிடுங்க. ஜூன்ல வந்து எடுத்துக்கலாம்."

"ரெண்டையும் கழட்டிட்டு உருண்டு வாய்யா."

அவன் உருண்டான். எழுந்தான், தொடைவரை போனான். மறுபடி உருண்டான், எழுந்தான், இடுப்புவரை போனான். கெட்ட வார்த்தைகளில் டெக்சஸ் வகை தீர்ந்து உள்ளூர் வகைக்கு வந்தபோது, மூன்றாம் முறை எழுந்து நின்றான். முழங்கால் தெரிந்தது. பாதமும் தெரிந்தது.

"அட! மெலிஞ்சுட்டேன்."

வெர்னா திரும்பினாள். "அசையாதே. அங்கயே குதி."

"என்ன?"

"குதிய்யா."

நூற்றுப் பத்து கிலோ குதித்தது. பனி அசையவில்லை. ஒரு எட்டு இடப்பக்கம் வைத்தான், கால் தொடைவரை போனது. வலப்பக்கமும் அப்படியே. நடுவில் மட்டும் ஒரு கட்டில் அகலத்துக்குச் சிமென்ட் தரை.

"காத்து அடிச்சு இறுகியிருக்கும்," என்றார் ஹால்வர்.

"காத்து மூலைக்கு மூலை சதுரமாவா அடிக்கும்?" வெர்னா முதுகுப்பையிலிருந்து ஷவலை எடுத்தாள். "சரிஞ்சு நின்ன பனி சிமென்ட் ஆயிடும்னு இப்பத்தான் சொன்னீங்க. அள்ளிப் போட்ட பனியும் அப்படித்தான் இறுகும். இங்க ஒருத்தன் தோண்டி, மூடி, ஷவலால தட்டிச் சமன் பண்ணிட்டுப் போயிருக்கான்."

இருபது நிமிடம் கொத்தினார்கள். ஓட்டிஸ் கொத்தினான், வெர்னா ஓரத்தைச் செதுக்கினாள், ஹால்வர் நின்றார். பழைய குழியின் பின்சுவர் வெளிப்பட்டது. மேலிருந்து ஒரு சாண் கீழே சிவப்புக் கோடு, மிளகாய்த்தூள் தூவினாற்போல்.

"ஜாம்," என்றான் ஓட்டிஸ்.

அதற்குக் கீழே ஒரு மீட்டர் பாளமான பனி. அதற்கும் கீழே, தரையை ஒட்டி, வெர்னா கையுறை விரலால் தொட்டதும் பனி பொலபொலவென்று உதிர்ந்து ஓடியது, கிழிந்த மூட்டையிலிருந்து சர்க்கரை கொட்டுவதுபோல.

அவள் சுவரில் ஒரு தூணைச் செதுக்கிப் பிரித்தாள். அதன் தலையில் ஷவலை வைத்து, மணிக்கட்டால் மெல்லத் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டில் தூண் அடியோடு வழுக்கி அவள் மடியில் வந்து விழுந்தது.

"இருபது தட்டுத் தட்டியும் அசையலையாம்," என்றாள்.

"எனக்கு ஒண்ணு புரியல பாஸ்." ஓட்டிஸ் வியர்வையைத் துடைத்தான். "பொய் எழுதறவன் வீட்டுல சோபாவுல உக்காந்தே எழுதலாமே. பழைய படத்தைத்தானே போட்டான். இவ்வளவு தூரம் ஏறி வந்து எதுக்கு உண்மையைத் தோண்டினான்?"

"கத்தியைக் குத்தறதுக்கு முன்னாடி கூரா இருக்கான்னு தடவிப் பாத்திருக்கான்," என்றாள் வெர்னா.

ஓட்டிஸ் பனிச்செருப்பின் வாரை மாட்டியபடியே சொன்னான்: "தடவிட்டு, கவனமா மூடியும் வெச்சிருக்கான். பின்னால வர்றவன் கால் ஒடியக் கூடாதுன்னு. சாகலாம், கால் ஒடியக் கூடாது. ரோரிப் பய மூடவே மாட்டான்னு நீங்கதானே சொன்னீங்க பெரியவரே?"

"மூடறவன் இந்த மலையில அம்பது பேர் இருக்கான்," என்றார் ஹால்வர்.

"அம்பது பேர் இருக்காங்க," என்று வெர்னா ஒப்புக்கொண்டாள். "வாங்க இறங்கலாம்."

*

ஒன்று பத்துக்கு ஷெரீஃப் அலுவலகம். ஹால்வர் பனிக்காலணியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். வெர்னா நேராகக் கம்பியருகே போய், குழியில் பார்த்ததை ரோரியிடம் சொன்னாள். சிவப்புக் கோடு. சர்க்கரை. மூன்று தட்டு. மூடியது.

ரோரி எழுந்து நின்றான்.

"மூணு தட்டா?"

"மூணு. தெரிஞ்சுதான் எழுதியிருக்கான்."

"இல்ல. அவர் தப்பாப் பாத்துட்டார். வயசாயிடுச்சு, பழைய படத்தை மாத்திப் போட்டுட்டார். அப்படித்தான் இருக்கும்."

"யாரு, ரோரி?"

இரண்டு நாளாக எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தானோ அது கைக்குள்ளேயே நாறிப்போயிருந்ததை அப்போதுதான் பார்த்தவன்போல நின்றான்.

"பேப்பரைக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்," என்றான்.

டெலூகா பையைப் பிரித்தார். மஞ்சள் நோட்டு ரோரியுடையது இல்லை. முதல் பக்கத்தில் சிக்னி நைகார்ட் என்று எழுதியிருந்தது. சரிவில் கால் வைக்குமுன் வானம், காற்று, எதை நம்பி இறங்குகிறோம் என்பதை இரண்டு வரி எழுதிவிட வேண்டும். ஹால்வர் மகளுக்கு ஊட்டிய பழக்கம் அது. புதன்கிழமைப் பக்கத்தை வெர்னா உரக்கப் படித்தாள்.

"'ஒன்பது ஐம்பது. வானம் தெளிவு. காற்று இல்லை. திங்கட்கிழமை அறிக்கையை நம்பி இறங்குகிறோம். அதில் பெயர் இல்லை. ஆனால் படத்தில் குழியின் மேல் விளிம்பில் ஷவலைக் குப்புறக் கவிழ்த்து, பிடியை வடக்கே வைத்திருக்கிறது. அப்பா மட்டும்தான் அப்படி வைப்பார். அப்பா சொன்னால் சரி.'"

"அவர் தப்பு பண்ணிட்டார்னு தெரிஞ்சா செத்துடுவார்னு நினைச்சேன்," என்றான் ரோரி. "அதான் நோட்டை எடுத்து என் பையில வெச்சுக்கிட்டேன். எப்படியும் என்னைத் திட்டறாரு. திட்டிட்டே இருக்கட்டும்னு விட்டேன்."

வெர்னா ஹால்வர் எதிரே உட்கார்ந்தாள். "புதன்கிழமை ரோரிக்கு லீவு. தனியா ஸ்கீ போடுவான். சிக்னிக்கு புதன்கிழமை கிளினிக் டியூட்டி. இது உங்களுக்குத் தெரியும். கிளினிக்ல யாரோ அவளோட முறை மாத்திக்கிட்டாங்க, அது உங்களுக்குத் தெரியாது. லாண்டரி வாசல்ல ஜீப்பை நிறுத்தினா வைஃபை கிடைக்கும். சரிதானே?"

"நோட்டுல ஒரு பொண்ணு நினைச்சது எழுதியிருக்கு," என்றார் ஹால்வர். "அவ்வளவுதான்."

டெலூகா அரசு வக்கீலுக்குப் போன் போட்டார். இரண்டு நிமிடம் கேட்டார். வைத்தார்.

"அதையேதான் அந்தம்மாவும் சொல்லுது. செத்தவ நம்பினது சாட்சியம் ஆகாதாம். ஷவல் எந்தப் பக்கம் பாத்தா என்னங்கறாங்க. எழுதினவன் ஒத்துக்கணும். இல்லாட்டி ரெண்டு மணிக்கு ரோரி பேர்லதான் கேஸ்."

கடிகாரம் ஒன்று இருபத்தெட்டு.

"பாஸ், ஒரு யோசனை," என்றான் ஓட்டிஸ். "பெரியவர் மேல உக்காந்துக்கட்டுமா?"

"வேண்டாம். டெலூகா, விபத்து அறிக்கைப் படிவம் இருக்கா?"

மலையில் யாராவது பனிச்சரிவில் செத்தால், அந்தப் பகுதியின் பனிக் கவனிப்பாளர், இங்கே ஹால்வர், படிவம் நிரப்ப வேண்டும். அதை இணையதளத்தில் போடுவார்கள். குளிர்காலத்தில் மலை ஏறுகிற ஒவ்வொருவரும் அதைப் படிப்பார்கள், செத்தவர் எங்கே தவறினார் என்று தெரிந்துகொள்ள. வருடக்கணக்கில் படிப்பார்கள். வகுப்புகளில் பாடமாக வைப்பார்கள். டெலூகா மேசை இழுப்பறையைத் துழாவி ஒன்றை எடுத்தார்.

வெர்னா அதை ஹால்வர் முன் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

"பதினாலு எழுதியிருக்கீங்க. இது பதினஞ்சாவது."

"நான் எழுதக் கூடாது. சொந்தக்காரன்."

"அப்ப நான் எழுதணும். எனக்கு அந்தப் பொண்ணைத் தெரியாது. கையில இருக்கறதை வெச்சு எழுதுவேன். 'சிக்னி நைகார்ட், வயது இருபத்தாறு. பெயரில்லாத அறிக்கையை நம்பினாள். தானாக ஒரு குழிகூடத் தோண்டிப் பார்க்கவில்லை. கவனக்குறைவால் இறந்தாள்.' சட்டப்படி அதுதான் உண்மை. வர்ற நவம்பர்ல பள்ளிக்கூடப் பசங்க முன்னாடி அந்தப் பக்கத்தைத் திரையில போட்டு, 'இந்த மாதிரி முட்டாளா இருக்காதீங்க'ன்னு சொல்லிக் குடுப்பாங்க. அடுத்த நவம்பரும். அதுக்கு அடுத்ததும்."

"அவ கவனக்குறைவானவ இல்ல."

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையே ஹால்வர்."

ஹால்வர் கையுறையைக் கழற்றினார். கொத்தியதில் பிளந்த விரல் நகங்கள் கறுத்திருந்தன. பேனாவை எடுத்தார்.

இடம், நாள், சரிவின் கோணம், உடைந்த பனியின் உயரம் எல்லாவற்றையும் அச்சுப் போன்ற எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். இறந்தவரின் அனுபவம் என்ற இடத்தில், 'பதினாறு வருடம். இந்த மலையில் மிகச் சிறந்தவர்களில் ஒருவர்' என்று எழுதினார். விபத்துக்கு முன் பனியின் நிலை என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு பேனா நகர்ந்தது.

'திங்கள், பகல் பதினொன்றரை. கிழக்கு விளிம்பில் குழி. தரையை ஒட்டி நாற்பது சென்டிமீட்டர் சர்க்கரைப் பனி. மூன்றாம் தட்டில் முழுதும் வழுக்கியது. குழியை மூடினேன். மாலையில் பழைய படத்துடன் மாறாக எழுதி, பெயரில்லாமல் அனுப்பினேன்.'

இறந்தவர் எதை நம்பிச் சென்றார் என்பது அடுத்த கேள்வி. அதற்கு மூன்று வரி இடம் விட்டிருந்தது. அவர் ஒரே சொல் எழுதினார்.

'என்னை.'

டெலூகா சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போனார். பூட்டு திறக்கும் சத்தம் கேட்டபோது ஹால்வர் கடைசிக் கட்டத்தில் இருந்தார். நேரில் கண்டவர்கள்.

'ஒருவர். ஹால்வர் நைகார்ட். ஒரு மைல் தள்ளிச் சாலையில், ஜீப்புக்குள் இருந்து தூரக்கண்ணாடியில். மேலே ஒருவர் வருவார் என்று காத்திருந்தேன். இரண்டு பேர் வந்தார்கள். இரண்டாவது ஆள் மேல் என் மகளின் சிவப்பு மேலங்கி தெரிந்ததும், நிறுத்துவதற்காக விடாமல் ஹாரன் அடித்தேன். தூரம் அதிகம். கேட்கவில்லை.'

கீழே கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் கையெழுத்துக்கான இன்னோர் இடத்தைக் காட்டினார். தலை நிமிரவில்லை.

"பிழைச்சவங்களும் போடணும். படிச்சுட்டுப் போடு."

ரோரி மேசை ஓரமாக நின்று படித்தான். முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தான். ஒன்று ஐம்பத்தொன்று. கடைசி வரியில் இடது கையின் விரலை வைத்தான்.

"இது தப்பு," என்றான்.

ஹால்வர் நிமிர்ந்தார்.

"ஹாரன் கேட்டுச்சு. காத்தே இல்லை, தெளிவாக் கேட்டுச்சு. நான்தான் முதல்ல இறங்கறதா இருந்துச்சு. அவ என்னைப் பிடிச்சு நிறுத்தினா. 'அப்பாவோட ஜீப்பு. கீழ நின்னு பாத்துட்டிருக்கார். நான் போறேன்'னா." ரோரி பேனாவை எடுத்து, 'கேட்கவில்லை' என்பதன்மேல் ஒரு கோடு இழுத்தான். "உங்களைப் பாத்துக் கை ஆட்டிட்டுத்தான் இறங்கினா."